"அதுக்கு வோட் இல்ல மனே": செயற்கைக் காலுக்குச் சட்டத்திலும் வரவு செலவிலும் இடம் கேட்பது எப்படி

அப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. பிறகு ஒரு முகாமில் இலவசமாகச் செயற்கைக் கால் போட்டுவிட்டார்கள். நடந்தார். தோட்டத்துக்குத் தண்ணி கட்டினார், கோயிலுக்குப் போனார். ஒன்றரை வருடத்தில் கால் ஆடத் தொடங்கியது. வெட்டின கால் நாளடைவில் மெலியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெட்டின கால் நுழையும் கிண்ணம் போன்ற பகுதியான சொக்கட்டுக்குள் இடைவெளி விழ, ஒரு சொக்ஸ் போட்ட இடத்தில் மூன்று போட்டார், பிறகு ஐந்து. அதுவும் காணாமல் பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றினார். சொக்கட் விளிம்பில் வெடிப்பு விழுந்ததும் சைக்கிள் டியூப்பை அறுத்து இறுக்கிக் கட்டினார். ஒரு நாள் பின்னேரம் காலைக் கழற்றியபோது சாரத்துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சீனி வருத்தக்காரருக்கு அந்த இடத்தில் புண் வந்தால் அடுத்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

மூன்று அலுவலகம் ஏறி இறங்கினோம். மூன்றாவது இடத்தில்தான் ஒரு உத்தியோகத்தர் உள்ளதைச் சொன்னார். "புதுக்கால் குடுக்க எப்பவாவது ஆரும் வருவாங்க. திருத்திக் குடுக்கிறதுக்கு எங்களிட்ட வோட் இல்ல மனே."

வோட் என்பது வரவு செலவில் ஒரு செலவுக்கென்று ஒதுக்கிய தலைப்பு. அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மனம் உள்ள அதிகாரியாலும் ஒரு சதம் செலவழிக்க முடியாது. அந்தத் தலைப்பைப் போடுகிறவர்களிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இலங்கையில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான படுவான்கரை, எழுவான்கரை இரண்டிலுமாக 19 குடும்பங்கள் சேர்ந்து இரண்டு வருடம் அலைந்தோம். அதில் பாதி வீண் அலைச்சல். செயற்கைக் கை கால் போட்டவர்கள், கலிப்பர் எனும் கால் தாங்கி போடும் போலியோக்காரர், பாரிசவாதத்துக்குப் பிறகு பாதத்தைத் தூக்கிப் பிடிக்கப் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் போடுகிறவர்கள், காலில் பட்டை போட்டு வளரும் பிள்ளைகளின் தாய் தகப்பன் எல்லோருக்கும் இது பொருந்தும்.

1. ஒரே ஒரு கோரிக்கையை எழுதுங்கள்

எங்கள் முதல் கடிதத்தில் கால், சக்கர நாற்காலி, சுயதொழில் கடன், வீடு, மலசலகூடம் எல்லாம் இருந்தன. அதை வாங்கியவர் வாசித்துவிட்டு "பார்ப்பம்" என்றார். பத்து விடயம் எழுதினால் பத்தும் பத்து மேசைக்குரியவை. ஒரு மேசையும் அதை எடுக்காது.

எங்களுக்கு எது வேண்டும் என்று கண்டுபிடிக்க மூன்று கூட்டம் எடுத்தது. கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான்: முதல் கால் பெரும்பாலும் ஏதோ ஒரு வழியில் கிடைத்துவிடுகிறது. யாரோ ஒரு நன்கொடையாளர், ஏதோ ஒரு முகாம். இரண்டாவது கால்தான் கிடைப்பதில்லை. வளர்ந்தவர்களுக்கு ஒரு செயற்கைக் கால் மூன்று முதல் ஐந்து வருடம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். கால் எடுத்த முதல் ஒரு வருடத்துக்குள் சொக்கட் மாற்ற வேண்டி வருவதும் சாதாரணம். வயல் சேற்றிலும் வாவிக்கரை உப்புத் தண்ணியிலும் நிற்கிறவரின் கால் இன்னும் கெதியாகப் போகும். ஆகவே, "பழுது பார்த்தல், மாற்றிக் கொடுத்தல் ஆகியவற்றுக்கு மாவட்டத்துக்குள்ளேயே நிரந்தர ஏற்பாடு" என்பது எங்கள் ஒற்றைக் கோரிக்கை ஆனது.

உங்கள் கோரிக்கை எதுவானாலும் அது மூன்று அளவில் ஒன்றாக இருக்கும்.

*பணத்தலைப்பு.* வருடாந்த மதிப்பீட்டில் மூலப்பொருளுக்கும் திருத்த வேலைக்கும் ஒதுக்கீடு. மூன்றிலும் கெதியாகக் கைகூடக்கூடியது இதுதான்.

*சுற்றுநிருபம் அல்லது ஒழுங்குவிதி.* சட்டத்தைத் திருத்தாமலே, இருக்கிற சட்டத்தின் கீழ் விடயத்துக்குரிய அமைச்சர் வர்த்தமானியில் ஒழுங்குவிதி போடலாம். கட்டடங்களுக்குச் சாய்தளம் வைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் அப்படித்தான் வந்தன. செயற்கை உறுப்புக்கும் அதே பாதையைக் கேட்கலாம்.

*சட்டத் திருத்தம்.* 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் வேலை, கல்வி, கட்டடங்களுக்குள் போய்வருதல் ஆகியவற்றில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. செயற்கை உறுப்பை இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்ற வரி அதில் இல்லை. அதைச் சேர்க்க அமைச்சரவைப் பத்திரம், சட்டவரைஞர் திணைக்களம், சட்டமா அதிபர், வர்த்தமானி, பிறகு பாராளுமன்றம் என்று வரிசையாகப் போக வேண்டும். வருடக் கணக்கில் எடுக்கும். கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

2. யாருடைய மேசை என்று பாருங்கள்

எட்டு மாதம் எங்களுக்கு இதில்தான் போனது. போதனா வைத்தியசாலையில் கிடைக்க வேண்டிய ஒரு சேவைக்காக மாகாண அலுவலகம் ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தோம். அவர்களும் "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். அது தங்களுடைய வேலை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி, அங்கவீனமுற்றோரின் புனர்வாழ்வும் நலனும் மாகாண சபையின் பட்டியலில் இருக்கின்றன. பொது வைத்தியசாலைகளும் அங்கேதான். போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கென அமைத்த வைத்தியசாலைகளும் மட்டும் மத்திய சுகாதார அமைச்சிடம். ஆகவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒரு வேர்க்‌ஷொப்போ ஒரு நிபுணர் பதவியோ கேட்டால் கொழும்புக்கு எழுத வேண்டும். சமூக சேவைத் திணைக்களத்தின் ஊடாகக் கால் திருத்தப் பணம் கேட்டால் மாகாண அலுவலகங்கள் இருக்கும் திருகோணமலைக்கு. நாட்டு மட்டத்தில் கொள்கை, சட்டம் என்றால் சமூக சேவைகளுக்குப் பொறுப்பான அமைச்சும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகமும்.

ஆளணி கேட்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு வைத்தியசாலைப் பணிப்பாளர் விரும்பினாலும் புதுப் பதவியை உண்டாக்க முடியாது. திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணியை அங்கீகரிக்க வேண்டும். செயற்கை உறுப்புத் தொழில்நுட்பம் படித்தவர்கள் நாட்டிலேயே குறைவு. அதற்கான பாடசாலை றாகமையில் 2004இல்தான் தொடங்கியது. எனவே இயந்திரமும் கட்டடமும் கேட்கும் கடிதத்தில் ஆளணியையும் சேர்த்துக் கேளுங்கள். ஆள் இல்லாத வேர்க்‌ஷொப்பில் கால் செய்யும் பொலிப்புரொப்பிலீன் தகடு தூசி பிடித்துக் கிடக்கும்.

இன்னொன்று: கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்காததால், மாகாண சபை உறுப்பினர் என்று பிடிக்க ஆள் இல்லை. மாகாண விடயங்களுக்கு ஆளுநரின் செயலாளர், பிரதம செயலாளர், உரிய அமைச்சின் செயலாளர் ஆகியோருக்கு எழுதுங்கள்.

3. கோவையைத் தயார் செய்யுங்கள்

ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோவை. அதற்குள்:

- அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று
- கிளினிக் கொப்பியில் கால் எடுத்த திகதியும் காரணமும் உள்ள பக்கங்களின் பிரதி
- கால் அல்லது கலிப்பர் கிடைத்த திகதி, தந்த இடம், இதுவரை எத்தனை தரம் திருத்தியது
- பழுதடைந்த பகுதியின் படம். பின்னால் திகதி எழுதுங்கள்
- திருத்தப் போன பயணங்களின் கணக்கு: பஸ், ஆட்டோ, தங்கின செலவு, கூடப் போனவருடைய இழந்த நாட்கூலி

கடைசிக் கணக்குத்தான் அதிகாரிகளை நிமிர்ந்து உட்கார வைத்தது. இங்கேயிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சொக்கட்டுக்கு அளவெடுக்க ஒரு தரம், போட்டுப் பார்க்க ஒரு தரம், சரி செய்ய இன்னொரு தரம் போக வேண்டும். எங்களில் ஒரு தாய் தன் மகனின் பட்டைக்காக அலைந்த பஸ் டிக்கெட்டுகளை ஒரு பால்மாப் பேணிக்குள் சேர்த்து வைத்திருந்தார். அதைக் கொட்டி ஒரு கடதாசியில் ஒட்டினோம். பட்டையின் விலையைவிடப் பயணச்செலவு கூட.

படம் எடுக்கும்போது முகம் வேண்டாம். காலும் சொக்கட்டும் போதும். கோவையில் உள்ளதைக் கொடுக்கச் சம்மதம் என்று ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். பிள்ளை என்றால் தாயிடமோ தகப்பனிடமோ. அடையாள அட்டைப் பிரதியை அரசியல்வாதியின் ஆட்களிடம் கட்டாகக் கொடுக்காதீர்கள். அது எங்கே போய் நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

4. தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்கள்

இதை முதலிலேயே செய்திருந்தால் எங்களுக்கு ஒரு வருடம் மிச்சம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று கிளார்க் கேட்டால், சட்டப்படி அது அவசியமில்லை என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதியெடுக்க வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்கவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் உத்தியோகத்தர்.

நாங்கள் கேட்டவை இவை. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"கடந்த மூன்று வருடங்களில் செயற்கை உறுப்புகள், கலிப்பர் மற்றும் உடல் தாங்கு பட்டைகளுக்கு உங்கள் நிறுவனத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? செலவழித்த தொகை எவ்வளவு? எந்தச் செலவுத் தலைப்பின் கீழ்? அதில் திருத்த வேலைக்கு எவ்வளவு? காத்திருப்போர் பட்டியலில் எத்தனை பேர்? இதற்கென அங்கீகரித்த ஆளணி எத்தனை, அதில் வெற்றிடம் எத்தனை?"

ஒதுக்கியதும் செலவழித்ததும் இரண்டும் வேண்டும். பணம் வந்து செலவழிக்காமல் திரும்பிப் போயிருந்தால் நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் வேறு.

காலக்கெடு: தருவதா இல்லையா என்று 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாள்களுக்குள் தர வேண்டும். பெரிய தகவல் என்றால் மேலும் 21 நாள் வரை எடுக்கலாம். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் உரிமை ஆணைக்குழு.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏ4 போட்டோப் பிரதி ஒரு பக்கம் 2 ரூபாய், முதல் நான்கு பக்கம் இலவசம் என்று 2017இல் வந்த கட்டண விதிகள் சொல்கின்றன. கோவையை நேரில் இருந்து பார்க்க முதல் ஒரு மணித்தியாலம் இலவசம்.

கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். அனுப்பினால் பதிவுத் தபால். எங்கள் முதல் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிய ஒருவர், "சேர் வந்ததும் குடுக்கிறன், வெச்சிட்டுப் போங்க" என்றார். ஒன்றரை மாதம் கழித்துப் போனால் அப்படி ஒரு கடதாசியே வரவில்லை. காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை.

பதில் சிங்களத்தில் வந்தால் திருப்பி எழுதுங்கள். தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அம்பாறை நகரிலுள்ள அலுவலகங்களோடு எழுத்துப் போக்குவரத்துச் செய்யும் திருக்கோவில், பொத்துவில், நாவிதன்வெளிக்காரர் இதை முதல் கடிதத்திலேயே ஒரு வரியாகப் போட்டுவிடுவது நல்லது.

5. ஒரு பக்கக் கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான்கு பந்தி: நாங்கள் யார், பிரச்சினை என்ன, தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த இலக்கம், கேட்பது என்ன. எங்கள் கடைசிப் பந்தி இப்படி இருந்தது:

"ஆகவே, எதிர்வரும் ஆண்டுக்கான மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்துக்குச் செயற்கை உறுப்பு மற்றும் கலிப்பர் திருத்தம், மாற்றீடு ஆகியவற்றுக்கெனத் தனிச் செலவுத் தலைப்பொன்றை ஏற்படுத்துமாறும், மாதம் ஒரு முறை மாவட்டத்துக்குள் திருத்த நாள் நடத்தச் சுற்றுநிருபம் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

'மாற்றுத்திறனாளி' என்று பேச்சில் சொன்னாலும் கடிதத்தில் சட்டத்தின் பெயரை எழுதும்போது 'அங்கவீனமுற்ற ஆட்கள்' என்றே எழுதுங்கள். பெயர் மாறினால் அது வேறு சட்டம் என்று கடதாசியைத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டு மூன்று ஆதாரம் போதும். இலங்கை 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்றது. அதன் உறுப்புரை 20 கட்டுப்படியான விலையில் நடமாட்டச் சாதனம் என்கிறது. உறுப்புரை 26 புனர்வாழ்வுச் சேவை மக்களின் சொந்த ஊருக்கு இயன்றவரை கிட்ட, கிராமப் புறங்களிலும் இருக்க வேண்டும் என்கிறது. வாகரைக்காரருக்கும் வெல்லாவெளிக்காரருக்கும் இதைவிட வேறு வரி தேவையில்லை. மிதிவெடியால் கால் இழந்தவர்கள் உங்களோடு இருந்தால், 2017 டிசம்பரில் இலங்கை சேர்ந்துகொண்ட மிதிவெடித் தடைச் சமவாயத்தையும் போடுங்கள். பாதிக்கப்பட்டோரின் பராமரிப்பும் புனர்வாழ்வும் அதில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017இல் செயற்கை உறுப்பு, தாங்கு பட்டைச் சேவைகளுக்கு 60 தரநியமங்களை வெளியிட்டது. சுகாதார அமைச்சுக்கு எழுதும்போது அதைச் சொன்னால் மருத்துவ அதிகாரிகளுக்குப் பேச்சு விளங்கும். சமவாயத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்தில் கால் வாங்க முடியாது. நாட்டுச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தைக் கேட்பதற்கான காரணமாக மட்டும் அதை வையுங்கள்.

கையொப்பப் பக்கத்தில் முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். ஆயிரம் கையொப்பத்துக்கு அலைய வேண்டாம். உண்மையில் கால் போடுகிற 19 பேரின் கையொப்பம் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

6. ஒருங்கிணைப்புக் குழுவில் பதிவாக்குங்கள்

பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்று இரண்டு உண்டு. முதலாவதற்குப் பிரதேச செயலாளரும் இரண்டாவதற்கு அரசாங்க அதிபரும் செயலாளர். பாராளுமன்ற உறுப்பினர்களும் திணைக்களத் தலைவர்களும் ஒரே மண்டபத்தில் இருக்கும் இடம் இது. "அது எங்கட வேலை இல்ல" என்று ஒருவர் சொன்னால், யாருடைய வேலையோ அவர் பக்கத்துக் கதிரையில் இருப்பார்.

கூட்டத் திகதியைப் பிரதேச செயலகத் திட்டமிடல் பிரிவில் கேளுங்கள். இரண்டு வாரம் முந்தியே விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எழுத்தில் கொடுங்கள். அன்றைக்குப் போய் எழுந்து நின்று பேசினால் அனுதாபம் கிடைக்கும், அறிக்கையில் ஒரு வரியும் வராது. கூட்டம் முடிந்த பிறகு கூட்டறிக்கையின் அந்தப் பக்கத்தைத் தகவல் உரிமையில் எடுங்கள். எங்களுக்கு வந்த பக்கத்தில் எங்கள் விடயம் இரண்டரை வரி. அதற்குப் பிறகு போட்ட எல்லாக் கடிதத்துக்கும் அந்த இரண்டரை வரிதான் முகவரி.

7. பாராளுமன்ற உறுப்பினரிடம் போதல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து பேர், அம்பாறையில் ஏழு பேர் தெரிவாகிறார்கள். அம்பாறைக்காரர் பாராளுமன்றப் பட்டியலில் அம்பாறை என்று தேடினால் கிடைக்காது. தேர்தல் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல. கட்சி பார்க்காமல் அத்தனை பேருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அது அவருடைய கட்சிக் கதையாகிவிடும். மற்றவர்கள் தொட மாட்டார்கள்.

நேரில் கிடைப்பது ஐந்து நிமிடம். கேட்பதும் ஒன்றுதான்: சுகாதார அமைச்சரிடம் இதை வாய்மூல விடைக்கான வினாவாகக் கேளுங்கள், அல்லது வரவு செலவின் குழுநிலை விவாதத்தில் பேசுங்கள். வினாவை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். தகவல் உரிமையில் இலக்கம் கிடைத்திருந்தால் வினா தானாக வரும்: "ஒதுக்கிய தொகை இவ்வளவு, காத்திருப்போர் இத்தனை பேர் என்பதை அமைச்சர் அறிவாரா?" பிறகு உறுப்பினருடைய செயலாளரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நடப்பது அவருடைய கையில்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். எங்களை ஏறக்குறைய உடைத்தது இதுதான்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். நாங்கள் சந்தித்த உறுப்பினர் இரங்கும் மனமுள்ளவர். அப்பாவின் காலைப் பார்த்ததும் கண் கலங்கிப் போனார். "ஐயா, நான் உங்களுக்கு ஒரு புதுக்கால் எடுத்துத் தாறன். அடுத்த மாசமே" என்றார். பக்கத்தில் இருந்தவர் படம் எடுக்கப் போனைத் தூக்கினார். நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்கு வாய் எழும்பவில்லை. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? புண்ணோடு நிற்கிறது அவர். வேண்டும் என்றால் பின்னால் வாங்கில் இருக்கிற மற்றவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அப்பாதான் பதில் சொன்னார். "தாங்க தம்பி, நன்றி. அந்தக் கால் உடையிற அண்டைக்கு நான் ஆரிட்டப் போறது? அதையும் இந்தக் கடதாசியில எழுதித் தாங்க."

படம் எடுக்கவில்லை. ஆனால் அன்று எங்கள் ஆட்களில் இரண்டு குடும்பம் முகம் சுருங்கிப் போனது. ஒருவருக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்கு இல்லை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வாரம் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டி வந்தது. ஆகவே போகுமுன் உங்களுக்குள் பேசி முடிவெடுங்கள்: தனியாளுக்குத் தரும் உதவியை வாங்கலாம். அதில் குற்றமில்லை, வலி அவரவருடையது. ஆனால் அதற்குப் பதிலாகக் கோரிக்கையைக் கைவிட மாட்டோம், படத்துக்கு நிற்க மாட்டோம், யாருக்கு முதலில் என்பதை நாங்களே தீர்மானிப்போம். எங்கள் வரிசையில் வளரும் பிள்ளைகள் முதலில், புண் உள்ளவர்கள் இரண்டாவது.

8. பொது மனு

கடிதங்களால் அசையாவிட்டால் பாராளுமன்றத்துக்கு மனு. தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை. நேரே அனுப்ப முடியாது. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கையொப்பமிட்டுச் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். குழு அதிகாரிகளையும் மனுதாரரையும் அழைத்து விசாரிக்கலாம். அழைப்பு வந்தால் கொழும்புப் பயணம் நிச்சயம். யார் போவது, செலவு யார் என்று முன்னமே பேசி வையுங்கள்.

உறுப்பினர் எவரும் கையொப்பமிடாவிட்டால் ஒம்புட்ஸ்மன் எனும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு 1994க்குப் பிறகு பொதுமக்கள் நேரடியாகவே முறையிடலாம். பாரபட்சம் காட்டினார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு, அவசரத்துக்கு 1996 என்ற தொலைபேசி இலக்கம். நடந்து ஒரு மாதத்துக்குள் முறையிடுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட இருப்பது ஒரு மாதம்தான். ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் அதில் கணக்கெடுக்கப்படாது.

9. மாதக் கணக்கு

நாங்கள் முதல் வருடம் நவம்பரில் கடிதம் கொடுத்தோம். எல்லோரும் நல்ல கடிதம் என்றார்கள். அடுத்த வருடத்துக்கான மதிப்பீடு அப்போது அச்சாகி முடிந்திருந்தது.

வழமையான வருடத்தில் கணக்கு இப்படி. ஜனவரி முதல் மார்ச் வரை கோவையும் தகவல் உரிமை விண்ணப்பமும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டோடு அலுவலகங்கள் இரண்டு வாரம் மந்தம், அதைக் கணக்கில் எடுங்கள். மாகாணத்துக்குரிய கோரிக்கை மே மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மத்திய அமைச்சுக்கு ஜூன், ஜூலை. திறைசேரி மதிப்பீடு கேட்டு அமைச்சுகளுக்கு எழுதுவதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். செப்டெம்பரில் பாராளுமன்ற உறுப்பினர்கள். நவம்பர், டிசம்பரில் குழுநிலை விவாதம். சுகாதார அமைச்சின் தலைப்பு எந்த நாளில் வருகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் முந்தி உறுப்பினரின் செயலாளருக்கு ஞாபகப்படுத்துங்கள். தேர்தல் வந்தால் எல்லாம் மாறும். 2025க்கான வரவு செலவு அந்த வருடம் பெப்ரவரியில்தான் வந்தது.

10. செலவு

தபால், போட்டோப் பிரதி, கோவைகள் எல்லாம் சேர்த்தாலும் சிறிய தொகைதான். பெரிய செலவு வேன். பஸ்ஸில் ஏற முடியாதவர்களை வைத்துக்கொண்டு திருகோணமலைக்கும் கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்துக்கும் ஓடியதில் இரண்டு வருடத்தில் 60,000 ரூபாய்க்கு மேல் போனது. மாதம் வீட்டுக்கு 150 ரூபாய் சேர்த்தோம். ஒரு வெளிநாட்டு உறவுக்காரர் கொஞ்சம் தந்தார். கணக்குக் கொப்பியை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசியுங்கள். "இதைச் செய்து தர இவ்வளவு" என்று யாராவது கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். இந்தப் பாதையில் எந்தப் படியிலும் அலுவலகக் கட்டணம் என்று பெரிதாக எதுவுமில்லை.

போகிற நாளில் மேலதிக சொக்ஸ், சுத்தமான துணி, சீனி வருத்தக்காரருக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோங்கள். காலைப் போட்டபடி ஆறு மணித்தியாலம் வாங்கில் இருந்தால் வெட்டின கால் வீங்கும். கழற்றி வைக்க ஒதுக்குப்புறமான ஒரு இடம் கேளுங்கள். நாங்கள் கேட்ட இடங்களில் யாரும் மறுக்கவில்லை. முதலில் கேட்கத்தான் வெட்கப்பட்டோம்.

11. பதில் வந்த பிறகு

சபையில் வினா கேட்டால் பதில் பெரும்பாலும் "கவனத்தில் எடுக்கப்படும்" என்றுதான் வரும். சோர வேண்டாம். சபைப் பேச்சுகளின் பதிவான அந்த நாளின் ஹன்சாட்டைப் பாராளுமன்ற இணையதளத்தில் எடுத்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கோவையில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் அமைச்சின் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். முதல் வரியில் அந்தத் திகதியும் பக்க எண்ணும். இரண்டாவது வரியில், கவனத்தில் எடுத்து என்ன செய்தீர்கள் என்ற கேள்வி. மூன்று மாதத்தில் பதில் இல்லாவிட்டால் அதே கேள்வியை 4ஆம் படியில் சொன்ன விண்ணப்பமாகப் போடுங்கள். அதற்கு 14 வேலை நாள்.

எங்களுடைய அந்த விண்ணப்பம் போன கிழமை போயிருக்கிறது. முத்திரை குத்திய பிரதி அப்பாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது.